வரலாம் வா

எங்கூட்டுக்காரருக்குப் பொய் சொல்ல வராது. பெருமைக்குச் சொல்றேன்னு நெனச்சுக்காதீங்க, பலதடவை தலையில அடிச்சுக்கிட்டுத்தான் சொல்லியிருக்கறேன். பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே எங்கப்பாகிட்ட, "எனக்குப் பொகையில போடற பழக்கம் இருக்குதுங்க மாமா. பாதி விட்டுட்டேன், மீதியையும் விட்டுருவேன்னு நெனைக்கறேன்"னு சொன்ன மனுசன். எங்க பெரியம்மா மயிலம்மா காப்பித் தட்டோட அப்படியே நின்னுபோச்சு. எங்கப்பா மட்டும் சிரிச்சுப்போட்டு, "மாப்பிள்ளையே சொல்லிட்டாரு, இனி ஊருக்குள்ள போயி விசாரிக்கற சோலி மிச்சம்"னு பேச்சை முடிச்சுட்டாரு.

அதுல இருக்கற கஷ்டம் கலியாணம் ஆன பொறகுதான் எனக்குப் புரிஞ்சுது. செக்போஸ்ட்டுல நிறுத்தி லோடு சரியா இருக்குதான்னு கேட்டா, "கொஞ்சம் சேத்தித்தானுங்க இருக்குது"ம்பாரு. கூட நிக்கற டிரைவருக வாயைப் பொத்திக்குவாங்க. புதுப் பொடவையைக் கட்டிக்கிட்டு எப்படி இருக்குதுன்னு கேட்டா, "கடையில நல்லா இருந்துச்சு புள்ள"ம்பாரு. அப்பறம் ஏன் ரெண்டு நாளாப் பேசமாட்டேங்கறேன்னு எங்கிட்டயே கேப்பாரு.

பேரு காளியப்பன். சொந்த ஊரு பரமத்தி வேலூருக்குப் பக்கம். ஊட்டுல எல்லாரும் வெத்தலைக் கொடிக்கால்ல கெடந்தாங்க, இவருக்கு லாரிதான் புடிச்சுது. மீசை மொளைக்கறதுக்கு முந்தியே கிளீனராப் போயி, அப்பறம் ஸ்டேரிங் புடிச்சு, இந்தியாவுல இவரு டீ குடிக்காத ஊரு இல்லைங்கற மாதிரி ஓட்டிட்டாரு. இப்ப நாங்க இருக்கறது நாமக்கல்லுக்கு வெளிய ஒரு சந்துல. ஓட்டறது என் தம்பி அன்பரசோட லாரி. அவங்கிட்ட ரெண்டு வண்டி இருக்குது. மாமன் ஓட்டறாருன்னா அந்த வண்டியைப் பத்தி அவன் ரோசனையே பண்ணமாட்டான். அப்பேர்ப்பட்ட ராசி அவங்களுக்குள்ள.

இங்க ஒண்ணு சொல்லோணும், இல்லைன்னா மத்தது வெளங்காது. எங்க பக்கம் மரியாதைக்குக் கொறைச்சலே இல்லைங்க. பால் ஊத்த வர்ற பொடியனைக்கூட "வாங்க சாமி"ன்னுதான் கூப்புடுவோம். கட்டுன புருசனை ஒரு பொம்பள "வா"ன்னு சொல்லிட்டா, ஒறம்பரைச் சொந்தமெல்லாம் கூடி நின்னு கேக்கும். ஆனா லாரி ரிவர்ஸ் எடுக்கறப்ப மட்டும் இந்த "ங்க" கெடையாது. பின்னால நிக்கற கிளீனர் நேத்து வந்தவனா இருந்தாலும், தலை நரைச்ச டிரைவரைப் பாத்து "வரலாம் வா, வா, வா, ஒடிச்சு வா"ன்னுதான் கத்துவான். ஒடிக்கறதுன்னா ஸ்டேரிங்கைத் திருப்பறது. "வாங்க, வாங்க"ன்னு இழுத்துக்கிட்டு நின்னா அதுக்குள்ள டயர் சாக்கடைக்குள்ள எறங்கிரும். இப்பெல்லாம் கிளீனர் வேலைக்கு ஆளே கெடைக்கறதில்ல. அதனால இவரு வண்டியோட ஊட்டுக்கு வந்தா, சந்துக்குள்ள பின்னால நின்னு சத்தம் குடுக்கறது நாந்தான். பக்கத்தூட்டுக் குப்பாயி அக்கா சன்னல்ல நின்னுக்கிட்டு, "மைதிலி, புருசனை 'வா'ன்னு கூப்புடறதுக்குன்னே உனக்கொரு லாரி குடுத்து வெச்சிருக்குதே"ன்னு கேலி பேசும்.

போன ஐப்பசியில வடக்க இருந்து வெங்காயம் ஏத்திக்கிட்டு வாரப்ப, தொப்பூர் எறக்கத்துல பிரேக்குக்குக் காத்து இல்லாமப் போச்சு. முன்னால ஒரு பள்ளிக்கூட வேன். கியரை ஒவ்வொண்ணாக் கொறைச்சுக் கொறைச்சு, எடது கால்ல கிளட்சை மிதிச்சு மிதிச்சு வண்டியைப் புடிச்சு, ஓரத்து மண்மேட்டுல ஏத்தி நிறுத்திப்போட்டாரு. ஆருக்கும் ஒரு கீறல் இல்ல. ஊட்டுக்கு வந்து, "ஒண்ணும் ஆகலை புள்ள"ன்னு சொல்லிப்போட்டு, ரசம் ஊத்திச் சாப்பிட்டுப் படுத்துட்டாரு. வேன் விசயம் எனக்கு எந்தம்பி அன்பு சொல்லித்தான் தெரியும். இவரு பொய் சொல்லல. ஒண்ணும் ஆகலைன்னாரு, நெசமாவே ஒண்ணும் ஆகலைதானே.

கார்த்திகை பொறந்தப்ப, ஒரு நாள் வெடியால அன்புவோட லாரி செட்டுக்குப் போயி வண்டியில ஏறி உக்காந்தாரு. எடது காலு கிளட்சு மேல போகல. கையால தூக்கி வெச்சாருங்க, அழுத்தல. எறங்கி நடந்தா கால் தரையோட தேயுது. ஒரு வாரத்துல வாக்கர் புடிச்சுத்தான் நடக்கற நெலமை ஆயிப்போச்சு. நாமக்கல்லுல பாத்தோம், ஸ்கேன் எடுத்தோம், மூளை, முதுகு, நரம்பு எதையும் விடல. டாக்டர் படத்தைத் தூக்கிப் புடிச்சுப் பாத்துப்போட்டு, "ஒண்ணும் இல்ல"ன்னாரு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "ஒண்ணும் இல்லைன்னா ஏனுங்க கால் தேயுது?"ன்னேன். "டென்சனைக் கொறைச்சுக்கச் சொல்லுங்கம்மா"ன்னு அடுத்த ஆளை உள்ள கூப்பிட்டுட்டாரு.

எங்க பக்கம் உடம்பை மேலுன்னுதான் சொல்லுவோம். டிரைவருக லீவு கேக்கறப்ப, "மேலுக்குச் சொகமில்லீங்க"ம்பாங்க. மனசுக்குச் சொகமில்லைன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் என் தம்பிகிட்ட லீவு கேட்டதில்ல. கேட்டிருந்தாலும் குடுத்திருக்கமாட்டான். ஸ்கேன்ல ஒண்ணும் இல்லைங்கற சேதி அவன் காதுல விழுந்ததுல இருந்து அவன் பேச்சே மாறிப்போச்சு. "மாமா பயந்துட்டாருக்கா. பயந்துட்டேன்னு சொன்னா நான் என்ன கடிச்சா திங்கப்போறேன்? அதுக்குக் காலு காலுங்கறது எதுக்கு?"ன்னான். இவரு காதுல விழற மாதிரித்தான் சொன்னான். "பயமா இருந்துச்சா மாமா?"ன்னு அவன் நேராக் கேட்டதுக்கு, "அப்ப இல்ல அன்பு. இப்பவும் தெரியல. காலுதான் வரமாட்டேங்குது"ன்னாரு. அவ்வளவுதான் அவருக்குத் தெரிஞ்ச நெசம்.

அப்பறம் அந்தக் காலைவேளை வந்துச்சு. எங்கூட்டுக்குப் பின்னால தண்ணித் தொட்டிக்கும் செவுத்துக்கும் நடுவுல ஒரு சந்து, அதுக்கு அந்தாண்டதான் பாத்ரூம். வாக்கரோட உள்ள போயிட்டா திரும்ப முடியாது. நானு போயி இடுப்பைப் புடிச்சு பின்னாலயே இழுத்துக்கிட்டு வருவேன். அன்னைக்கு அடுப்புல பாலு பொங்கற நெலமை. சமையக்கட்டு வாசப்படியில நின்னுக்கிட்டே, "வாங்க, மெதுவா வாங்க"ன்னேன். காலு சிமிட்டித் தரையில தேயற சத்தம். பாலு பொங்கி ஊத்திருச்சு. அந்த எரிச்சல்ல வாயில வந்தது வந்துருச்சு. "வரலாம் வா, வா, வா, ஒடிச்சு வா."

வந்தாருங்க. கால் ஒவ்வொண்ணா எடுத்து வெச்சு, தேயாம, இழுக்காம, கடைசியில வாக்கரையே தரையில படாம தூக்கிக்கிட்டுப் பின்னாலயே வந்து எங்கிட்ட நின்னாரு. ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டோம். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒண்ணா வந்துச்சு. அந்த நேரம் பாத்துத்தானா எந்தம்பி வாசல்ல செருப்பைக் கழட்டோணும்?

"பாத்தியாக்கா? பின்னால வர்ற காலு முன்னால மட்டும் போவாதா?"ன்னான்.

எனக்கு வந்த கோவத்துல பால் கரண்டியோடவே வெளிய வந்தேன். "டேய், புளியங்காயை உப்புத் தொட்டுக் கடிக்கறேன்னு நான் சொல்றேன். வாயில எச்சி ஊறுதா இல்லையா? இங்க புளியங்கா இருக்குதா? அப்ப உன் எச்சி நடிக்குதா?"ன்னேன். எச்சியை முழுங்கிக்கிட்டான். இவரு முன்னால ஒரு எட்டு எடுத்து வெச்சுப் பாத்தாரு. காலு பழையபடி தேஞ்சுது. அன்பு தலையை ஆட்டிக்கிட்டுப் போயிட்டான். நாஞ் சொன்னது என்னமோ சொல்லிட்டேன், ஆனா எனக்கே உள்ளுக்குள்ள ஆட்டங் கண்டுபோச்சு.

அவன் போனதுக்கப்பறம் இவரு கட்டில்ல உக்காந்துக்கிட்டு சோத்துத் தட்டை நகத்தி வெச்சுட்டாரு. "அன்பு சொல்றது செரிதானே புள்ள?"ன்னாரு. "காலும் என்னோடது, மனசும் என்னோடது. இதுல என்னையத் தவுத்து வேற ஆரு இருக்கறா? அப்ப நாந்தானே இதைப் பண்றேன்? எனக்குப் பொய் சொல்ல வராதுன்னு இத்தனை நாளும் நெனச்சுக்கிட்டு இருந்தேன். எனக்கே தெரியாமச் சொல்லிக்கிட்டு இருக்கறனோ என்னமோ."

அந்த மனுசனுக்குன்னு இருந்ததே அது ஒண்ணுதானுங்க. காடு இல்ல, தோட்டம் இல்ல, சொன்னா நெசமா இருக்கும்ங்கற பேரு ஒண்ணுதான். ஊரு நம்பாமப் போனாக்கூடச் சமாளிச்சுக்கலாம், அவரையே அவரு நம்பாமப் போனா நான் எங்க போயிச் சொல்லுவேன். அடுத்த நாளே சேலத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போறதுன்னு முடிவு பண்ணினேன். அன்புவே காரை எடுத்துக்கிட்டு வந்தான். பாசத்துல வரல. டாக்டர் வாயால நடிப்புன்னு சொல்றதைக் கேக்கறதுக்குத்தான் வந்தான், எனக்குத் தெரியாதா.

அது நரம்புக்குன்னே இருக்கற ஒரு டாக்டரம்மா. பின்னால நடந்த விசயத்தை மெதுவா, பக்குவமா எடுத்துச் சொல்லோணும்னு வழி நெடுக ரோசனை பண்ணிக்கிட்டு வந்தேன். நானு வாயைத் தொறக்கறதுக்குள்ள இவரு முந்திக்கிட்டாரு. "அம்மா, ஒண்ணு சொல்லிப்போடறேனுங்க. நேத்து நானு பின்னால நடந்தேன். காலு நல்லாத்தான் போச்சு. எம் மச்சினன் நான் நடிக்கறேங்கறான். நடிக்கறனான்னு எனக்கும் தெரியலைங்க. பாத்துச் சொல்லுங்க." முடிஞ்சுது கதைன்னு நான் கண்ணை மூடிக்கிட்டேன்.

அந்தம்மா பேனாவைக் கீழ வெச்சாங்க. "பின்னால நடந்தீங்களா? எங்க, நடங்க பாக்கலாம்"னாங்க. முடியல. "நேத்து மட்டும் எப்படி வந்துச்சு?"ன்னு என்னையக் கேட்டாங்க. டாக்டரம்மா முன்னாடி புருசனை எப்படிங்க அப்படிக் கூப்புடறது? வெக்கத்தைப் பாத்தா காலு வருமா? தொண்டையைச் செருமிக்கிட்டு, "வரலாம் வா, வா, வா"ன்னேன். கதவுகிட்ட இருந்து டேபிள் வரைக்கும் பின்னாலயே வந்துட்டாரு. வெளிய இருந்த நர்சு எட்டிப் பாத்துது. டாக்டரம்மா மொகத்துல அப்படியொரு சந்தோசம். ஒரு டாக்டர் சந்தோசப்பட்டு நான் அப்பத்தான் பாக்கறேன்.

அப்பறம் இவரைப் படுக்க வெச்சு, அன்புவைப் பக்கத்துல கூப்பிட்டு, அவன் கையை இவரோட எடது குதிகாலுக்கு அடியில வெக்கச் சொன்னாங்க. "இந்தக் காலைக் கீழ அழுத்துங்க." இவரு மொகமெல்லாம் வேர்க்க முக்கறாரு. "ஒண்ணும் தெரியலைங்க"ன்னான் அன்பு. "சரி, அந்தக் காலை மறந்துருங்க. வலது காலை மேல தூக்குங்க, நான் அமுக்கறேன்." இவரு வலது காலைத் தூக்கினாரு. அன்பு சடக்குன்னு நிமுந்து பாத்தான். அவன் கை மெத்தைக்குள்ள பொதையுது. "அழுத்துதுங்க, நல்லா அழுத்துது"ன்னான். அடுத்த நொடியே, "அப்ப பலம் இருக்குதில்லீங்க? அதைத்தானே நானும் சொல்றேன்"னான்.

"பலம் இருக்கு. நினைச்சு எடுத்தா வரல, நினைக்காம இருந்தா வருது. இதுக்கு வியாதின்னே பேரு இருக்கு, நிறைய பேருக்கு வருது"ன்னாங்க அந்தம்மா. "நடிப்பா இல்லையான்னு உங்களுக்குச் சந்தேகம் இருந்தா ஒண்ணு கேக்கறேன். நடிக்க வந்தவர், தன் குட்டு உடையற விசயத்தைத் தானே முதல்ல சொல்லுவாரா? நான் இன்னும் பேரைக்கூடக் கேக்கல."

அன்பு குதிகாலுக்கு அடியில இருந்து கையை எடுத்துக்கிட்டான். இவருதான் படுத்துக்கிட்டே கேட்டாரு. "அப்ப இது மனசாலதான் வந்துதுங்களா? சத்தியமா நானு மனசார இதைப் பண்ணலீங்களே."

"மனசால வர்றதெல்லாம் மனசார வர்றதில்லீங்க"ன்னாங்க அந்தம்மா. "நீங்க பண்ணல. உங்களுக்கு நடந்திருக்கு. காலும் உங்களுதுதான், மனசும் உங்களுதுதான். ஆனா ரெண்டும் பேசிக்கறதெல்லாம் உங்களைக் கேட்டுக்கிட்டா பேசுது?"

இவரு கண்ணுல இருந்து தண்ணி காது வரைக்கும் ஓடுச்சு. தொடைச்சுக்கக்கூட இல்ல. தொப்பூர் எறக்கத்தாலதான் இப்படி ஆச்சான்னு நான் கேட்டேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்னுட்டாங்க. அந்தப் பதில் எனக்கு இன்னைக்கும் புடிக்கல. ஆனா போகட்டும்னு விட்டுட்டேன். என் நெஞ்சுல இருந்த வெசனம் அந்த ரூம்லயே எறங்கிருச்சு. வெளிய வந்து கேன்டீன்ல ரெண்டு போண்டா தின்னேன், அத்தனை நாளும் எனக்குப் பசியே இல்லைங்கறது அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு.

நடக்கப் பழக்குனது டாக்டரம்மா அனுப்பிவெச்ச அக்சிலியாங்கற பிசியோதெரபி மேடம். சேலத்துப் பொண்ணு, கழுத்துல சின்னதா ஒரு சிலுவை, வாய் ஓயாது. "அக்கா, உங்க ரிவர்ஸ்தான் நமக்கு முதல் மருந்து. தினம் கூப்பிடுங்க, கூச்சப்படாதீங்க. அண்ணா, நீங்க காலைப் பாக்காதீங்க, அக்கா குரலைக் கேளுங்க"ன்னு சொல்லிக்குடுத்துச்சு. மொதல்ல பின்னால. அப்பறம் பின்னாலயே வந்து பாதியில பக்கவாட்டுல திரும்பறது. அப்பறம் அந்த ஓட்டத்துலயே, நிக்காம, முன்னால திரும்பிப் போறது. தை மாசம் முச்சூடும் எங்க சந்துல இதுதான் கூத்து. அரைப் பரிச்சை எழுதிட்டு வந்த மாதிரி வேர்த்து நிப்பாரு. பொங்கலுக்கு வந்த மயிலம்மா பெரியம்மா வாசல்ல நின்னு பாத்துப்போட்டு, "நடுச்சந்துல புருசனை வா வாங்கறியே, உங்கப்பன் இருந்தா என்ன நெனைப்பான்?"னுது. "எங்கப்பா இருந்தா அவரும் சேந்து கூப்புடுவாரு பெரியம்மா"ன்னேன். குப்பாயி அக்கா சன்னல்ல இருந்து விழுந்து விழுந்து சிரிக்குது.

நல்லாயிட்டு வந்துதுன்னாலும் நேராப் போயிறல. ஒரு நாள் நல்லா நடப்பாரு, ரெண்டு நாள் தேயும். தேயற நாள்ல முன்ன மாதிரி இவரு ஒடிஞ்சு உக்காரல, அதுதான் வித்தியாசம். "இன்னைக்குப் பேச்சுவார்த்தை இல்ல போல இருக்குது ரெண்டுக்கும்"னு காலைப் பாத்துச் சொல்லிப்போட்டு டீ கேப்பாரு. அன்பு மட்டும் அந்தப் பக்கமே வரல. சேலத்துல இருந்து திரும்பி வந்ததுல இருந்து மாமன்கிட்ட ஒரு வார்த்தை பேசல. எங்க குடும்பத்துல தப்புப் பண்ணிட்டேன்னு சொல்ற வழக்கமே கெடையாது, எங்க தாத்தன் காலத்துல இருந்து. இவருக்கு அது உறுத்திக்கிட்டே இருந்துச்சு. "டாக்டரம்மா நம்புனது செரி புள்ள, அவன் இன்னும் நம்பல"ம்பாரு.

மாசிக் கடைசியில, வண்டியை எடுத்துப் பாக்கலாம்னு அக்சிலியா மேடம் சொல்லுச்சு. ரோட்டுல இல்ல, செட்டுக்குள்ள மட்டும். சோத்து வாளியைத் தூக்கிக்கிட்டு நானும் போனேன். வண்டி முன்மூஞ்சி செட்டுக்குள்ள பாத்து நின்னுக்கிட்டு இருந்துச்சு. வெளிய எடுக்கோணும்னா ரிவர்ஸ்தான். பின்னால கொஞ்ச எடம், அதுக்கப்பறம் காம்பவுண்டுச் செவுரு. இவரு ஏறி உக்காந்தாரு. நானு சத்தம் குடுக்கலாம்னு பின்னால போனா, அன்பு எனக்கு முந்திப் போயி நின்னுக்கிட்டான்.

எங்க நின்னான்னு சொல்லோணும். கிளீனருக எப்பவும் ஓரமா, டிரைவர் கண்ணாடியில தெரியற மாதிரி, ஒதுங்க எடம் வெச்சுக்கிட்டுத்தான் நிப்பாங்க. இவன் கண்ணாடியில தெரியற மாதிரித்தான் நின்னான். ஆனா ஒதுங்க எடமே இல்லாத மூலையில, செவுத்துல முதுகை ஒட்டிக்கிட்டு நின்னான். கிளட்சுல இருந்து அந்தக் காலு ஒரு தடவை நழுவுனாப் போதும், வண்டி துள்ளிப் பின்னால வந்துரும், இவனுக்கு ஓட வழி இல்ல. லாரிக்காரன் மகன், லாரி வெச்சிருக்கறவன், அவனுக்கு இது தெரியாதா. "ஓரமா நில்லுடா"ங்கற வார்த்தை எனக்கு நாக்கு வரைக்கும் வந்துருச்சு. அவன் மூஞ்சியைப் பாத்துட்டுச் சொல்லல.

இஞ்சின் உறுமுச்சு. கண்ணாடியில இவரு கண்ணு தெரிஞ்சுது. அன்புவைப் பாத்தாரு, அவன் நிக்கற எடத்தைப் பாத்தாரு. என் தம்பி, இவரு எங்கூட்டு மாப்பிள்ளை ஆன நாள்ல இருந்து "வாங்க மாமா, போங்க மாமா"ன்னே பேசிப் பழகுனவன், கையைத் தூக்கி அசைச்சான். "வரலாம் வா"ன்னான். கொரலு கொஞ்சம் ஒடைஞ்சுது. "வா, வா, அப்படியே வா மாமா."

வண்டி ஒரு குலுக்கல் இல்லாம பின்னால வந்துச்சு. நான் சோத்து வாளியைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டு நின்னேன். அவன் நெஞ்சுக்கும் வண்டிக்கும் நடுவுல ஒரு ஆளு நுழையற எடம் இருக்கறப்ப, உள்ளங்கையால லாரிப் பாடியை ரெண்டு தட்டுத் தட்டுனான். வண்டி நின்னுது.

இவரு எறங்கி முன்னால நடந்து வந்தாரு. பழக்க தோசத்துல எனக்குத் தொண்டையில "வா" ரெடியா இருந்துச்சு. அது வேண்டியிருக்கல. கிட்ட வந்து, "அவன் அங்க நின்னதைப் பாத்ததுக்கு அப்பறம் எனக்குக் காலு நெனப்பே வரல புள்ள"ன்னாரு. அன்பு அந்தப்பக்கம் திரும்பிக்கிட்டு டயர்ல காத்து இருக்குதான்னு பாக்கற மாதிரி உக்காந்துட்டான்.

"சோறு ஆறுது, வாங்க"ன்னேன். ரெண்டு பேரையும் பாத்துத்தான் சொன்னேன்.